கேசட் ஓடுகிறது, பதிவாவது குக்கர் விசில்: லினக்ஸ் மின்டில் சவுண்ட் கார்டு டிரைவர் குழப்பம்

கெடிலக்கரை | கடலூர் முதுநகர்

எல்லோருக்கும் வணக்கம். என் கீபோர்டு தமிழ்99-ல் நிற்கிறது. மாற்றி மாற்றி அடிக்க அலுப்பு என்பதால் கமாண்டுகளையும் தமிழிலேயே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அப்பா கூத்துப் பைத்தியம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் எந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தாலும் டூ-இன்-ஒன் செட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். விடிய விடியப் பதிவு செய்வார். மறுநாள் பேட்டரிக் காசு கணக்கில் அம்மாவிடம் திட்டு வாங்குவார். அப்படிச் சேர்ந்தது 38 கேசட், பெரும்பாலும் 90 நிமிடக் கேசட். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் பரணில் இருந்ததால் தப்பின. அப்பா இப்போது இல்லை. கேசட்டுகளையாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெட்டி பழைய அசெம்பிள்டு. போர்டிலேயே ரியல்டெக் ஏஎல்சி887 சவுண்ட். மேலே என்விடியா ஜிடி 710 வீடியோ கார்டு, மானிட்டர் அதன் ஹெச்டிஎம்ஐ-யில். கேசட் செட்டின் ஹெட்போன் துளையிலிருந்து சத்தம் எடுக்க 250 ரூபாய்க்கு வாங்கிய யூஎஸ்பி சவுண்ட் குச்சி ஒன்று. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்: பதிவு செய்கிற ஏரெக்கார்ட் கமாண்டு, டிவைஸ் பிளக்ஹெச்டபிள்யூ:2,0 (அதாவது 2-ம் நம்பர் சவுண்ட் கார்டு), ஃபார்மட் சிடி, நேரம் 2700 நொடி. பிளேயை அழுத்துவேன், ஸ்கிரிப்டை ஓட்டுவேன், கடைக்குப் போய்விடுவேன். 11 கேசட் இப்படியே ஒழுங்காக ஏறியது.

பன்னிரண்டாவதில்தான் வினை. மதியம் வந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது, 476 எம்பி, எப்போதும் வருகிற அதே அளவு. சந்தோஷமாகப் போட்டுக் கேட்டால் ஃபேன் இரைச்சல். மூன்று விசில். மீன்காரம்மா குரல், அப்புறம் நெத்திலிக்கு அம்மா பேரம் பேசுவது. கேசட்டில் கர்ணன் தேரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை 45 நிமிடம் பதிவாகியிருக்கிறது!

வீடியோ பார்த்து வைத்தியம் செய்தேன், தப்பு என்னுடையதுதான். எந்தக் கருவிக்கு எந்த டிரைவர் என்று காட்டுகிற எல்எஸ்பிசிஐ -கே கொடுத்தால் போர்டு சவுண்டுக்கும் என்விடியாவுக்கும் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் என்ற ஒரே டிரைவர் காட்டுகிறது. ‘இதுதான் டிரைவர் கான்ஃப்ளிக்ட், பிளாக்லிஸ்ட் செய் (ஏறவிடாமல் தடு)’ என்றார் வீடியோக்காரர். செய்தேன். ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. லிஸ்டில் யூஎஸ்பி குச்சி மட்டும்தான். அதையும் பிடுங்கினால் ‘டம்மி அவுட்புட்’ என்கிறது. ஸ்கிரிப்டோ 2-ம் நம்பர் கார்டே இல்லை என்று முதல் வரியிலேயே கைவிரிக்கிறது. இன்னொரு வீடியோவில், சத்தத்தை நிர்வகிக்கிற பல்ஸ்ஆடியோவைத் திரும்பப் போடச் சொன்னார்கள், அதையும் போட்டேன். இப்போது ஒரு நேரம் சத்தம் வருகிறது, ஒரு நேரம் இல்லை. போன மாதம்தான் மின்ட் 21.3-லிருந்து 22-க்கு மாறினேன், அதுவும் காரணமா தெரியவில்லை.

எந்த டிரைவரை எடுக்க, எதை வைக்க? மீதி 27 கேசட் இருக்கிறது.


முத்தியால்பேட்டை பட்டறை | புதுச்சேரி

வணக்கம். நீங்கள் எழுதியதில் மூன்று வேறு வேறு கோளாறு கலந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலில் அந்த பிளாக்லிஸ்டை எடுங்கள். எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் பெயரில் இன்டெல் இருந்தாலும் அது ஹெச்டி ஆடியோ வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொது. போர்டில் இருக்கிற ரியல்டெக்குக்கும் அதுதான், என்விடியா, ஏஎம்டி கார்டுகளின் ஹெச்டிஎம்ஐ சத்தத்துக்கும் அதுதான். ஒரே பூசாரி இரண்டு கோயிலுக்குப் பூசை செய்கிற மாதிரி. அதில் சண்டை ஒன்றும் இல்லை. நீங்கள் பூசாரியைத் துரத்திவிட்டு இரண்டு கோயிலும் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கிறீர்கள்.

ஈடிசி-க்குள் மோட்ப்ரோப்.டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நீங்கள் போட்ட பிளாக்லிஸ்ட் வரி அங்கேதான் ஏதாவது ஒரு ஃபைலில் இருக்கும். அந்த வரியை அழித்துவிட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ கொடுத்து ரீபூட் செய்யுங்கள். நடுவில் இருக்கிற கட்டளையை விட்டுவிடாதீர்கள். பழைய பிளாக்லிஸ்ட் பூட் இமேஜுக்குள் ஒட்டிக்கொண்டே இருக்கும், அப்புறம் ‘அழித்தும் வரவில்லை’ என்று இன்னொரு வீடியோ தேடுவீர்கள்.

நிஜமான சண்டை இரண்டாவது விஷயத்தில்தான். மின்ட் 22-ல் சத்தத்தைப் பார்த்துக்கொள்வது பைப்வயர். 21.3 வரை பல்ஸ்ஆடியோ. நீங்கள் 22-ல் பல்ஸ்ஆடியோவைத் திரும்பப் போட்டதும் இரண்டு பேர் ஒரே கார்டுக்குக் கை நீட்டுகிறார்கள். பார்க்க ஆசையாக இருந்தால் சூடோ ஃப்யூசர் -வி கொடுத்து டெவ்/எஸ்என்டி-யில் இருக்கிற எல்லாவற்றையும் கேளுங்கள். யார் யார் கார்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு வரும். பல்ஸ்ஆடியோவும் வயர்பிளம்பரும் (பைப்வயரின் கையாள்) சேர்ந்தே வந்தால் அதுதான் உங்கள் ‘ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் இல்லை’. பல்ஸ்ஆடியோவை ஆப்ட்டில் ரிமூவ் செய்து, பைப்வயர்-ஆடியோ என்ற பேக்கேஜைப் போடுங்கள். ரிமூவ் செய்யும்போது கூடவே வேறு எதை எடுக்கப் போகிறேன் என்று ஒரு பட்டியல் காட்டும், அதைப் படித்துவிட்டு ‘ஒய்’ அடியுங்கள். டெஸ்க்டாப்பையே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தால் நிறுத்திவிட்டு இங்கே ஒட்டுங்கள்.

மூன்றாவது, கேசட்டுக்குப் பதில் நெத்திலி. அதற்கு டிரைவர் காரணமே இல்லை என்பது என் சந்தேகம். பன்னிரண்டாவது கேசட்டுக்கு முன்னால் புதிதாக ஏதாவது யூஎஸ்பி-யில் செருகினீர்களா? ப்ராக்/அசவுண்ட்/கார்ட்ஸ் ஃபைலில் (எந்தக் கார்டுக்கு என்ன நம்பர் என்ற பட்டியல்) என்ன வருகிறது என்று போடுங்கள்.

கடைசியாக ஒன்று. முதுநகர் என்றால் கடல் பக்கம். உங்கள் பெட்டியின் முன்பக்க ஜாக்கை நம்பாதீர்கள். எங்கள் பட்டறைக்கு ‘டிரைவர் போச்சு’ என்று வருகிற பெட்டிகளில் நிறைய, உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்ததுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகிவிடும். பாண்டிச்சேரியில் ஆல்கஹாலுக்கா பஞ்சம் என்று கேட்காதீர்கள், இது மருந்துக் கடையில் கேட்க வேண்டியது.


பழைய பெங்குயின் | லாஸ்பேட்டை

பட்டறைக்காரர் சொன்னது சரி. தம்பி, நிஜமான சவுண்ட் கார்டு சண்டை என்றால் ஐஎஸ்ஏ கார்டு காலத்தில் பார்த்திருக்க வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு முகவரி 220, ஐஆர்க்யூ (கார்டு சிபியூ-வைக் கூப்பிடுகிற லைன்) 5, டிஎம்ஏ 1. இந்த மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். நெட்வொர்க் கார்டும் அதே ஐஆர்க்யூ 5-ல் உட்கார்ந்துவிட்டால் இரண்டில் ஒன்று செத்தது. ஜம்பரைப் பிடுங்கி மாற்றிச் செருகி, ஒவ்வொரு தடவையும் ரீபூட். 7-க்கு மாற்றினால் பிரிண்டர் கோபித்துக்கொள்ளும்.

அப்புறம் லினக்ஸ் கெர்னல் 2.6-ல் ஆல்சா என்ற புது சவுண்ட் டிரைவர் தொகுப்பு உள்ளே வந்தது. பழைய ஓஎஸ்எஸ் டிரைவரும் கூடவே இருந்தது. எமு10கே1 என்று ஒரு மாட்யூல், எஸ்என்டி_எமு10கே1 என்று இன்னொன்று, இரண்டும் ஒரே சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டுக்கு. எது முதலில் ஏறுகிறதோ கார்டு அதற்கு. அங்கே பிளாக்லிஸ்ட் செய்வதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்து வைத்தியத்தை இன்றைக்கு வரைக்கும் வீடியோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நோய் என்னவோ மாறிவிட்டது.

நெத்திலி என்ன விலைக்கு முடிந்தது?


கெடிலக்கரை

அண்ணே, விலை வருகிற இடத்தில்தான் மூன்றாவது விசில். தெரியவில்லை.

பட்டறை அண்ணன் சொன்னபடி பிளாக்லிஸ்ட் வரியை அழித்து, இனிட்ராம்எஃப்எஸ் போட்டு, ரீபூட் செய்தேன். ஸ்பீக்கர் பேசுகிறது! ஃப்யூசரில் நீங்கள் சொன்ன மாதிரியே பல்ஸ்ஆடியோவும் வயர்பிளம்பரும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ரிமூவ் பட்டியலைப் படித்தேன், பெரிதாக எதையும் இழுக்கவில்லை. இப்போது எந்த சவுண்ட் சர்வர் ஓடுகிறது என்று காட்டுகிற பேக்டில் இன்ஃபோ கொடுத்தால் சர்வர் பெயரில் பைப்வயர் மேல் ஓடும் பல்ஸ்ஆடியோ என்று வருகிறது. அது சரிதானே?

கார்ட்ஸ் ஃபைலில் வந்தது:
0 பிசிஹெச்
1 என்விடியா
2 வெப்கேம்
3 டிவைஸ்

இதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா பாரீஸ் பக்கம் இருக்கிறாள். அம்மா அவளோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று அந்த வாரம்தான் வெப்கேம் வாங்கி மாட்டினேன். மேசை சமையலறைக் கதவை ஒட்டி இருக்கிறது. 2-ம் நம்பரில் இருந்த குச்சி 3-க்குத் தள்ளப்பட்டு, வெப்கேமின் மைக் 2-ல் உட்கார்ந்துவிட்டது. ஸ்கிரிப்டில் 2-ஐ 3 ஆக்கினால் முடிந்ததா?


வில்லியனூர் வயர் | புதுச்சேரி

பேக்டில் சொல்வது சரிதான். பழைய புரோகிராம்கள் பல்ஸ்ஆடியோ பாஷையில் பேசும், அதைக் கேட்டு வேலை செய்வது பைப்வயர்.

ஆனால் 3 ஆக்காதீர்கள். நாளைக்கு வெப்கேமைக் கழற்றினால் 2 ஆகும், ஹப்பில் மாற்றிச் செருகினால் வேறு ஆகும். போர்டும் என்விடியாவும்கூட ஒவ்வொரு பூட்டில் 0, 1 இடம் மாறுவது உண்டு. கெர்னல் கார்டுகளை எந்த வரிசையில் கண்டுபிடிக்கிறதோ அந்த வரிசையில் நம்பர் விழும், பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி. அந்தப் பட்டியலில் நம்பருக்குப் பக்கத்தில் இருக்கிற பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளக்ஹெச்டபிள்யூ:2,0 என்பதற்குப் பதில் பிளக்ஹெச்டபிள்யூ:டிவைஸ்,0 என்று எழுதலாம். பட்டியலில் தெரிகிற எழுத்து அப்படியே, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல். ஒரே வகைக் குச்சி இரண்டு மாட்டினால் மட்டும் இரண்டாவதன் பெயர் டிவைஸ்_1 ஆகும், அப்போது மறுபடி குழப்பம். உங்களுக்கு அது இல்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்கிரிப்டில் ஏன் வெறும் ஹெச்டபிள்யூ இல்லாமல் ‘பிளக்’ சேர்த்து எழுதினீர்கள்? அது இல்லாமல் ஓடியிருக்காது, அதனால்தானே? உங்கள் குச்சியின் ரோஸ் துளை மோனோ மைக். சிடி ஃபார்மட் என்றால் இரண்டு சேனல் 44,100. ஹெச்டபிள்யூ என்று நேராகக் கேட்டிருந்தால் ‘என்னிடம் இரண்டு சேனல் இல்லை’ என்று மறுத்திருக்கும். பிளக் போட்டதும் ஒரு சேனலை இரண்டாகப் படியெடுத்துக் கொடுத்துவிட்டது. வெப்கேம் விஷயத்திலும் இதே கதைதான். அதன் மைக்கையும் பிளக் சத்தமில்லாமல் சிடி ஃபார்மட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது. ஒரு நொடிக்கு 1,76,400 பைட், 2700 நொடிக்கு 476 எம்பி. சமையலறையானாலும் கூத்தானாலும் அதே கனம். அளவைப் பார்த்து ஏமாந்தது உங்கள் தப்பில்லை. வெறும் ஹெச்டபிள்யூ இருந்திருந்தால் அன்றைக்கே முகத்தில் அடித்த மாதிரி எர்ரர் வந்திருக்கும்.

அதனால் என் யோசனை: குச்சியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். போர்டின் பின்பக்கம் நீலத் துளை இருக்கிறது பாருங்கள், அது லைன்-இன், ஸ்டீரியோ. மைக் துளை மில்லிவோல்ட் கணக்கில் வருகிற சின்னச் சத்தத்துக்கு. ஹெட்போன் அவுட்டை அதில் விட்டால் தாளமும் ஹார்மோனியமும் உச்சியில் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். உங்கள் 11 ஃபைலிலும் அது இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தி பிசிஹெச் தேர்வு செய்து, எஃப்4 அழுத்தி கேப்ச்சர் பக்கம் போய், இன்புட் சோர்ஸை லைன் ஆக்குங்கள். பூஸ்ட் எதுவும் இருந்தால் பூஜ்யம். கேசட் செட்டின் வால்யூம் மூன்றில் ஒரு பங்கு. ஏரெக்கார்டில் -வி ஸ்டீரியோ சேர்த்தால் டெர்மினலிலேயே மீட்டர் ஆடும், அது நூற்றைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்டில்: ஹெச்டபிள்யூ:பிசிஹெச்,0. பிளக் வேண்டாம்.

இன்னொன்று, 2700 போதாது. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் கறாராக 45 நிமிடம் இருக்காது, வாலில் கொஞ்சம் கூடுதல் டேப் விட்டிருப்பார்கள். 2900 வையுங்கள். கடைசியில் வெற்று இரைச்சல் வந்தால் வெட்டிக்கொள்ளலாம், இல்லாததை ஒட்ட முடியாது.


மஞ்சக்குப்பம் மடி | கடலூர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே ‘டம்மி அவுட்புட்’ தான், ஆனால் லேப்டாப், இன்டெல் 11-ம் தலைமுறை. டெபியன் புதிதாகப் போட்டேன். நானும் பெயரை வைத்து எழுத வேண்டுமா?


முத்தியால்பேட்டை பட்டறை

உங்களுடையது வேறு கதை. அந்த வகை லேப்டாப்பில் சத்தம் ஒரு டிஎஸ்பி (சத்தத்துக்கென்று தனிச் சிப்) வழியாகப் போகும், அதற்கு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் வேண்டும். டெபியனில் பேக்கேஜ் பெயர் ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு. போட்டு ரீபூட் செய்து பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். டிஎஸ்பி_டிரைவர்=1 என்று ஒரு வரி எழுதச் சொல்லி யாராவது வருவார்கள். அது டிஎஸ்பி-யை ஒதுக்கிவிட்டுப் பழைய டிரைவரை ஏற்றும். ஸ்பீக்கர் வரும், உள்ளே இருக்கிற மைக் போய்விட வாய்ப்பு அதிகம். சரியாகவில்லை என்றால் டிமெசேஜில் (கெர்னல் எழுதுகிற குறிப்புகள்) சாஃப் என்று வருகிற வரிகளோடு தனியாக ஒரு இழை போடுங்கள், இங்கே கூத்து நடக்கிறது.


கெடிலக்கரை

மூன்று நாள் ஆயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நீலத் துளைக்கு மாற்றினேன். முதல் தடவை ஓட்டியதும் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி’ (கார்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்) என்று வந்தது. மறுபடி சண்டையா என்று வயிறு கலங்கிவிட்டது. ஃப்யூசரைக் கேட்டால் பைப்வயர் மட்டும்தான் பிடித்திருக்கிறது. அரை மணி நேரம் முழித்த பிறகு புரிந்தது: பேவு கண்ட்ரோல் (சவுண்ட் செட்டிங்) ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அதில் ஆடுகிற மீட்டருக்காக அது எல்லா மைக்கையும் திறந்தே வைத்திருக்கிறது. ஜன்னலை மூடினேன், நாலைந்து நொடியில் பைப்வயர் கார்டை விட்டுவிட்டது. இதே இடத்தில் யாராவது மாட்டுவார்கள் என்றுதான் எழுதி வைக்கிறேன். மூடுவதற்கு முன்னால் அதன் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் என்விடியாவை ‘ஆஃப்’ செய்தேன். ஸ்பீக்கர் இப்போது ஒழுங்காகப் போர்டிலிருந்தே வருகிறது, மானிட்டருக்கு ஓடிப்போவதில்லை.

ஒரு தடவை வேண்டுமென்றே ஸ்கிரிப்டில் வெப்கேம் பெயரைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். வயர் அண்ணன் சொன்னது போலவே சேனல் கணக்கு ஒத்துவரவில்லை என்று மறுத்துவிட்டது. பிளக் சேர்த்தேன், சமர்த்தாகப் பதிவு செய்தது. பாவி.

பழைய 11 ஃபைலையும் கேட்டேன். ஸ்டீரியோ போனதைப் பற்றி வருத்தமில்லை, அப்பாவின் செட்டே ஒற்றை மைக்தான். ஆனால் கரகரப்பு நிஜம். மூன்றாவது கேசட்டில் முகவீணை ஏறுகிற இடத்தில் குச்சி வழியாக வந்தது தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. நீலத் துளையில் அதே இடம், பின்னால் கைத்தாளம் தனியாகக் கேட்கிறது, ஹார்மோனியப் பெட்டிக்காரர் மூச்சு விடுவதுகூட. ஆகவே 11-ஐயும் முதலிலிருந்து எடுக்கிறேன். முன்பக்க ஜாக்கையும் பார்த்தேன் பட்டறை அண்ணே, பச்சை பூத்திருக்கிறது. பின்பக்கம் பரவாயில்லை.

நேரத்தை 2900 ஆக்கினேன். மூன்றாவது கேசட், ஏ பக்கம், 45 நிமிடம் தாண்டி ஒன்றரை நிமிடம் ஓடியது. திரௌபதி அழுதுகொண்டிருக்கும்போதே மைக்குக்குப் பக்கத்தில் அப்பா குரல், யாரிடமோ, “தீரப் போவுது, டார்ச்ச இப்படிக் காட்டு, திருப்பிப் போடணும்.” அப்புறம் டக் என்று பட்டன் சத்தம். பழைய ஃபைலில் இது இல்லை. 2700-ல் வெட்டுப்பட்டிருக்கிறது.

இதுவரை ஏழு கேசட் முடிந்தது. ஏழிலும் ஏ பக்க வாலில் ஏதோ ஒன்று பேசுகிறார். அம்மா இப்போது ஏ பக்கம் முடிகிற நேரம் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

14-ம் கேசட்டில் டேப் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. அதைத் தனி இழையில் கேட்கிறேன். அதுவரை அதை செட்டில் போட வேண்டாம் அல்லவா?


முத்தியால்பேட்டை பட்டறை

போடவே போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும். இழை போடுங்கள், வருகிறேன்.